மாமாவின் பழைய வேட்டி

ஊர் பார்க்கக் கப்பலேறி வந்தவளுக்கு வேட்டி பார்க்கத்தான் கொடுத்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஆங்கிலப் படிப்புக்கு வந்த சிவமலருக்கு வயது பதினாறு. தங்கியிருந்தது மாமா வீட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். மாமா தம்பு ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. குமர்ப்பிள்ளை முகம் தெரியத் தெருவில் போனால் நாலு பேர் வாயில் விழ வேண்டிவரும் என்று, தன் பழைய வேட்டி ஒன்றை ரிக்சாவின் முன்பக்கம் திரையாகக் கட்டிவிட்டார். காலையில் அதற்குள் ஏறினால் பள்ளிக்கூட வாசலில்தான் வெளிச்சம்.

ஆகவே கோலாலம்பூர் அவளுக்குக் காதாலும் மூக்காலும் வந்து சேர்ந்த ஊர். ரயில் பட்டறைக் கரிப்புகை வரும். மாட்டு வண்டி முனகிக்கொண்டு போகும். எங்கோ பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுபடும். முதல் நாள் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்தினாள், இப்போது பசிக்கிறது, என்ன செய்ய! மூங்கிலைத் தட்டித் தட்டி ஒரு சீனர் சேமியா போன்ற மீ விற்பார், அவர் கிழவரா குமரரா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். காற்று மனம் வைத்தால் ஒரு மாட்டுக் கொம்பு தெரியும்.

அன்று வகுப்பில் மிஸ் மார்க்கிரட், பள்ளிக்கு வரும் வழியில் கண்டதை ஒவ்வொருத்தியும் எழுந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார். சீனப் பெண் ஆற்றைச் சொன்னாள். மலாய்ப் பெண் பள்ளிவாசலைச் சொன்னாள். சிவமலரின் முறை வந்தது.

"மாமாவின் வேட்டியைக் கண்டேன், மிஸ். அதில் இரண்டு ஓட்டை."

வகுப்பே சிரித்தது. மிஸ்கூடக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சிவமலருக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. கடல் தாண்டி வந்தது இதற்கா?

பள்ளி விட்டதும் திரையின் முடிச்சை அவிழ்த்தாள். தவுக்கே, அதுதான் முதலாளி மாமா, கோபிப்பார் என்று ரிக்சாக்காரர் மலாய் மொழியில் முணுமுணுத்தார். கோபிக்கட்டும் என்று வேட்டியைச் சுருட்டிப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அடேயப்பா! ஸ்டேசனின் வெள்ளைக் கும்மட்டங்கள், மரத்தடியில் சவரம் செய்பவர், பால்மாடு ஓட்டிப்போகும் சீக்கியர். சாலை போடும் தமிழ்ப் பெண்கள் தலையில் கல்லோடு வெயிலில் நிமிர்ந்து நடந்தார்கள். இவர்கள் முகத்தை ஊரே பார்க்கிறது, யார் மானம் போயிற்று?

அவள் வீடு சேர்வதற்குள் செய்தி மாமாவின் ஆபீசுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலம் மாமா நாற்காலியில்கூட உட்காரவில்லை. நாளைக்குத் திரையில்லாமல் போனால் அடுத்த கப்பலில் ஊர், படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்றார். ஊரில் என்ன காத்திருக்கிறது என்று சிவமலருக்குத் தெரியும். தாலியும் அடுப்படியும். ஆனாலும் நாக்கு நடுங்கவில்லை.

"அனுப்புங்கோ மாமா. ஆனா கப்பலுக்குப் போகேக்கையும் திறந்த ரிக்சாவிலைதான் போவன். ரயிலேற ஸ்டேசன் வரைக்கும் எல்லாரும் பாக்கட்டும்."

மாமாவுக்கு இப்போது அவளை வைத்திருந்தாலும் மானக்கேடு, அனுப்பினாலும் மானக்கேடு. கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், அந்த வேட்டியைக் கொண்டுவா, நானே இறுக்கிக் கட்டுகிறேன் என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

மாமி இராஜம்மா வந்தாள். இந்த ஊருக்கு வந்து பத்து வருடம். அவளும் கோயிலுக்கு அதே வேட்டிக்குப் பின்னால்தான் போய்வருகிறாள். புருசனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. கொதிக்கும் குழம்புச் சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்துத் தூக்கி வந்து மாமாவின் முன்னால் வைத்தாள். துணி வெள்ளை. ஒரு துண்டில் அந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்று இருந்தது.

"கை சுட்டுது. வேட்டியைக் கிழிச்சுப் போட்டன்," என்றாள்.

வேறு வேட்டியா இல்லை என்று கேட்டார் மாமா, குரல் பாதியாகி.

"அலுமாரியிலை கிடக்கு. கட்டிப் பாருங்கோ, அதுகளும் கிழியும்." மாமி சிவமலர் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானும் உன்னோடை வாறன் பிள்ளை. நீ வந்து சொன்ன அந்த ஸ்டேசன் கும்மட்டத்தை எனக்கும் காட்டு."