ஒன்று இல்லாத டப்பா

1

இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து பிறந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்துகொண்டு, அரக்கர்களோடு வாயாலேயே சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதன் விதிப் புத்தகம் ஒன்றில், எத்தனை வீரருக்கு எத்தனை அரக்கர் என்று கட்டம் போட்டிருந்தது. கீழே ஒரு குறிப்பு: சண்டையில் பயம் இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் யாரும் சாகக்கூடாது. பெரும்பாலுமாம்! அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பாறசாலையில் மழை..." [வேண்டாம். எல்லாக் கதையிலும் மழைதான் பெய்கிறது.]

பிறகு இப்படி: "யோவான் நல்லவன்." [இதையும் அடித்தேன். முதல் வரியிலேயே நல்லவன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவனை வைத்து என்ன செய்வது?]

2

யோவான் பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கிறவன். அந்த விதிப் புத்தகம், கப்பலில் வேலை பார்த்த மச்சினன் அவனிடம் விட்டுப்போனது. கூடவே இருபது முகமுள்ள பகடையும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சர்ச் பெருநாளில் தம்போலா ஆடிய எண் காய்களில் ஒன்று முதல் இருபது வரை பொறுக்கி, யோவான் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டான். கண்ணை மூடி ஒரு காயை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பெரிய எண் வந்தால் அரக்கனுக்கு வெட்டு. ஒன்று வந்தால் எடுத்தவரின் வீரன் செத்தான், பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவார்கள். யோவான் கதையை நடத்துவான், சோமனும் ரெபேக்காளும் ஆடுவார்கள். சோமன் ஜீப் ஓட்டுகிறவன். வாரம் ஒரு அரக்கனையாவது கொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ரெபேக்காள் பாலராமபுரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறவள். அவள் தன் வீரனுக்கு வேதமணி என்று பெயர் வைத்தாள்.

வேதமணி அவளுடைய தம்பி, படகு எஞ்சின் மெக்கானிக். பழுதுபார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறேன் என்று பூவாரில் படகேறினான்; ஆறு கடலில் சேருமிடத்தில் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவன் நீந்திக் கரையேறினான். வேதமணியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.*

* இதை எழுத எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அந்தப் பெயரைக் கேட்ட அன்றே யோவான் ஒன்றாம் எண் காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செத்தவனை இன்னொரு தடவை எப்படிக் கொல்வது? நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நானும்தான்.

ஆனால் வாரம் போகப் போக ரெபேக்காள் முரட்டுத்தனமாக ஆடினாள். கேடயத்தை ஆற்றில் எறிந்தாள். சோமன் பின்வாங்கச் சொன்ன இடத்தில் தனியாக முன்னே போனாள். இன்னும் பெரிய சண்டை வேண்டும் என்றாள். யோவானும் அட்டவணையை மீறி அரக்கர்களைக் கூட்டிக்கொண்டே போனான். வேதமணி காயத்தோடு திரும்பினான், சாகவில்லை.

"இவளுக்க தம்பிக்கு ஆயிசு கெட்டியாக்கும்!" என்று சிரித்த சோமன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

[இங்கே ரெபேக்காள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அவள் அப்படி அழுகிற ஆளில்லை.]

அவள் டப்பாவைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தாள். காய்களை வரிசையாக அடுக்கினாள். வரிசை இரண்டில் தொடங்கியது.

"அண்ணே, ஒண்ணு எங்க?"

யோவானின் கை சட்டைப்பைக்குப் போனது.

"எலே யோவானே, இது கள்ளக்களியல்லா!" என்றான் சோமன்.

"ஒனக்கு வேண்டியாக்கும் மக்கா செய்தேன்," என்றான் யோவான் அவளிடம். "இஞ்சயாவது அவன் இருக்கட்டும்னு..."

"இருக்கவா?" அவள் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுல அவன் இருந்துகிட்டுதான் இருக்கான். பெட்டி உண்டா, குழி உண்டா, ஒரு ஜெபம் உண்டா? எனக்க தம்பி செத்தத ஒரு மனுசன் கண்ணால காணல்ல அண்ணே. இஞ்ச நம்ம மத்தியில, வாளும் கையுமா, நாம பாத்துட்டு இருக்கும்ப சாவட்டும்னுதான் அவன சண்டையில கொண்டு கொண்டு விட்டேன். நீங்க அதையும் தடுத்துட்டியளே."

யோவானுக்கு முகம் செத்துப்போனது. பாவி, இரக்கம் என்று நினைத்து அவளுக்கு அவன் செய்தது இது.

4

அவன் காயை டப்பாவுக்குள் போட்டான். மற்ற காய்களையும் அள்ளிப் போட்டுக் குலுக்கினான். எதிரே அரக்கன். வேதமணியின் முறை.

முடிவு அ: ஒன்று வருகிறது. மூன்று பேரும் எழுந்து நிற்கிறார்கள். சோமனுக்கு ஜெபம் தெரியாது, ஆனாலும் தலை குனிகிறான். [அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.]

முடிவு ஆ: பதினேழு வருகிறது. வேதமணி ஜெயிக்கிறான். ரெபேக்காள் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து

முடிவு இ:

விடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன். அவள் டப்பாவுக்குள் கையை விட்டாள். காய்களைத் துழாவினாள். இத்தனை வாரம் துணிந்து எடுத்த கை, இன்று வெறுமனே வெளியே வந்தது.

"என்னால முடியல்ல. நீங்க எடுங்க அண்ணே."

"நான் மாட்டேன் மக்கா," என்றான் யோவான்.

ஜீப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சோமன் வெளியே நழுவிவிட்டான்.

5

மிச்சம் இருப்பது நான். பூவாரில் வேதமணியைக் கடலில் தள்ளியது நான்தானே. அன்று டப்பாவும் இல்லை, காயும் இல்லை, எழுதினேன், போனான். யோவான் சாகிற எண்ணைத்தான் ஒளித்தான். நான் அந்தப் பையனுக்குப் பிழைக்கிற எண் ஒன்றுகூட வைக்கவில்லை. அப்படிப்பட்ட என் கை இந்த டப்பாவுக்குள் போகக்கூடாது.

டப்பா உங்கள் முன்னால் இருக்கிறது. இருபது காயும் உள்ளே இருக்கின்றன, சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். என்ன வந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் ரெபேக்காள் நிற்கிறாள், அவளிடம் சொல்லுங்கள்.