புள்ளி வைத்த வயல்

"இந்தப் புள்ளியெல்லாம் பச்சையாக்கிட்டாப் போதும்க்கா," என்று எலோய்சாவின் சித்தி மகன் ஃபிதென்சியோ மேஜைமேல் வரைபடத்தை விரித்தான். சட்டைப்பையில் பச்சைப் பென்சில் தயாராக இருந்தது.

ஐம்பது வருஷத்து அரசாங்கத் தாளை மிளகாய்ச்சாறு வடியும் விரலால் தடவுகிறானே என்று எலோய்சா முகத்தைச் சுளித்தாள். பச்சை என்றால் பாசன நிலம், புள்ளி என்றால் தரிசு. தாத்தா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன வயல் பன்னிரண்டு ஏக்கரும் புள்ளிதான். நாளை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் உரிமை விசாரணை. புள்ளி அப்படியே நின்றால், நியூ மெக்சிகோ அரசு அந்த வயலின் மடையை நிரந்தரமாக அடைத்துவிடும்.

"அளக்க வந்த வெள்ளைக்காரன் குடிச்சிட்டு வரைஞ்சான்னு சத்தியம் பண்ணு. வாய்க்கால் மேஸ்திரி நீ. நீ சொன்னா எடுபடும்."

"அவன் குடிக்கலைடா. தாத்தாதான் தரிசுன்னு சொன்னாரு."

தண்ணீர் பாயும் ஏக்கருக்குத் தக்கபடி ஒவ்வொரு வீடும் வசந்தத்தில் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பது பள்ளத்தாக்கின் கட்டுப்பாடு. நிலத்தை அளக்க வந்தவனிடம் தரிசு என்று சொல்லி மண்வெட்டியிடமிருந்து தப்பினார் தாத்தா. ஊரே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனதும் மடையைத் திறந்துவிட்டு பீன்ஸ் விளைத்தார். எலோய்சாவின் அம்மா அருவருப்போடு சொன்ன சங்கதி இது; எலோய்சா அதை அவனிடம் சொன்னாள்.

"செத்தவர் மேல ஏன்க்கா பழி போடணும்?"

"நீ பண்றது மட்டும் என்னவாம்? பென்சிலை உள்ள வை."

மறுநாள் அதிகாரி முன்னால், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, எலோய்சா எல்லாவற்றையும் சொன்னாள். "எங்க தாத்தா தண்ணி திருடினாரு. ஆனா வயல் வருஷா வருஷம் பாய்ஞ்சுது." யாரோ சிரித்தார்கள். அவள் காது எரிந்தது.

பின்வரிசையில் பக்கத்து வயல்காரர் மெலித்தோன் எழுந்தார். "வாய்க்கால்ல அவரு பங்கையும் எங்கப்பாதான் வெட்டினாரு. மண்ணு சுமந்தவன் நான். பூசை முடிஞ்சு வந்தா எங்க பீன்ஸ் வாடிக் கிடக்கும், அவரு வயல் சொதசொதன்னு இருக்கும்."

அதிகாரி இன்னும் நாலு கேள்வி கேட்டார். பிறகு அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்கும் தண்ணீர் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வாசலில் ஃபிதென்சியோ அவள் தோளில் கை போட்டான். முகமெல்லாம் பல்.

"என்னமா புளுகினேக்கா. வெள்ளைக்காரன் கதையைவிட இது எவ்வளவோ மேல். ஆமா, அந்த மெலித்தோன் கிழவனை எப்படிச் சரிக்கட்டினே?"

எலோய்சா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட்டு, தோளைத் துடைத்துக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தாள்.