வாலில் ஒட்டிய தூது

அந்த ஆய்வுக்கூடத்தில் முன்பு இரண்டு பேர் ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டினார்கள். இப்போது அவள் மட்டும்தான். கூட வேலை பார்த்தவனுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். மூக்குக் கண்ணாடி அவ்வளவு தடிமன்.

ஈஸ்ட்டில் எதிரும் புதிருமாக இரண்டு மரபணுக்கள் இருந்தன. முதலாவது சுறுசுறுப்பானால் இரண்டாவதன் புரதம் குறைந்தது. மரபணுவின் சேதியைப் புரதம் செய்யுமிடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்.என்.ஏ. "ரெண்டோட தூது ஆர்.என்.ஏவும் வாலுக்கு வால் ஒட்டிக்குது, சார். அதான் காரணம்" என்றான் அவன், வாராந்தரக் கூட்டத்தில்.

பேராசிரியர் விடவில்லை. "தூதுன்னா சேதியைச் சொல்லிட்டுப் போறது. அது எங்கப்பா இன்னொரு தூதோட வாயைப் பொத்துது? எல்லாம் அந்த முதல் புரதத்தோட வேலை."

கூட்டத்தில் சிரிப்பு. அவளும் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போனான்.

அதன் பிறகுதான் அவளை அந்தக் கேள்வி அரித்தது. முதல் தூதில் புரதம் தொடங்கும் இடத்தை மட்டும் அழித்தாள். தூது வழக்கம்போல வந்தது. அதன் புரதம் வரவில்லை. அப்படியும் இரண்டாவது புரதம் குறைந்தால் அவன் சொன்னது சரி.

மூன்றாம் முறையும் செய்து பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புரதத்தின் அளவைக் காட்டும் படத்தில் இரண்டாவது புரதத்தின் கோடு, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மங்கியிருந்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காட்டுவதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

"நல்ல விஷயம்தானேடி? அப்புறம் ஏன் குரல் கம்முது? சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"சாப்பிட்டேன்கா" என்று பொய் சொல்லி வைத்தாள். பிறகு அவனை அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கு நீயும் சிரிச்ச."

"ஆமா. சிரிச்சேன்."

"வால் ஒட்டாதபடி மாத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன். புரதம் பழையபடி வந்துடுச்சு."

"ம்... நல்லா இரு" என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை பேராசிரியர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வாயைக் கட்டிட்டீங்களே ரெண்டு பேரும்" என்றார். கட்டுரையில் அவன் பெயரை முதலில் எழுதினாள். அவனுக்கு அனுப்பிய சம்மதப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை.

அவன் இருந்த பக்கத்து மேசையில் கையுறைப் பெட்டிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். அவள் குடுவையைக் கழுவி, நான்காம் முறைக்கு ஈஸ்ட்டை ஊற்றினாள்.