ஒரு வாசல் ரூம்

கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பத்தியில் தேடு. அது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே எழுது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அழகுமீனா டீச்சர் நான்கு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலம் இவ்வளவுதான். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, விருதுநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, இந்த ஒரு வித்தையை முப்பத்திரண்டு பிள்ளைகளின் தலையில் ஏற்ற அவள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

செழியனுக்கு வித்தை நன்றாகவே ஏறியிருந்தது. ரவியைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும், பத்தியில் ரவி என்ற பேர் வரும் ஆறு வரியையும் எழுதிவிடுவான். “அதுல ஒண்ணு சரியா இருக்கும்லா டீச்சர்” என்பான். இருக்கும். மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பத்தி எழுதச் சொல்வது இதைவிடக் கொடுமை. ‘என் அம்மா’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் ஒரே அம்மாதான். அவள் வீட்டிலேயே இருப்பாள், ருசியாகச் சமைப்பாள், சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பாள். நோட்ஸில் இருக்கிற அம்மா. இவர்களைப் பெற்ற அம்மாக்களோ காலை ஆறரைக்கே வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டு, பொழுது சாயும்போது வந்து இறங்குகிறவர்கள். பாண்டிச்செல்வி மட்டும், ‘மை மதர் இஸ் நாட் ஹவுஸ்வைஃப். ஷி இஸ் கோயிங் வேன்’ என்று ஆரம்பித்திருந்தாள். அழகுமீனா நாலு இடத்தில் சுழித்து, ‘நோட்ஸைப் படி’ என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்டாள்.

பாண்டிச்செல்வி மேல் அவளுக்குத் தனி எரிச்சல். அந்தப் பெண் சொன்ன வித்தையைச் செய்யமாட்டாள். உதடு அசைய இரண்டு தடவை பத்தியை வாசிப்பாள், பிறகு பத்தியிலேயே இல்லாத ஒன்றை எழுதிவைப்பாள். உட்காருவதும் வாசல் ஓரத்துப் பெஞ்சில்தான். கையைப் பிடித்து நடுப்பெஞ்சில் உட்காரவைத்தாலும் மறுநாள் பழைய இடத்துக்குப் போய்விடுவாள். வெளியே வேடிக்கை பார்க்கத்தான் என்று அழகுமீனா முடிவுகட்டியிருந்தாள்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு பத்தி வந்தது. ரவியும் நான்கு நண்பர்களும் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். உள்ளே ஒரு ரூம். அதற்கு ஒரே ஒரு கதவு. ரூம் இருட்டாக இருக்கிறது. நண்பர்கள் உள்ளே போகிறார்கள், ரவி போகவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். ரவி ஏன் உள்ளே போகவில்லை? இருட்டுக்குப் பயந்து. அவன் எப்படிப்பட்ட பையன்? பயந்தாங்கொள்ளி. விடைக்குறிப்பில் இப்படித்தான் இருந்தது.

பாண்டிச்செல்வி முதல் கேள்விக்கு, ‘ரூம் ஒன் டோர் ஒன்லி. ஸோ ரவி இஸ் ஹோல்டிங் டோர்’ என்று எழுதியிருந்தாள். அடுத்ததற்கு, ‘ரவி இஸ் குட் பாய். ஹி இஸ் சேஃப்டி.’

“ஹி இஸ் சேஃப்டியாம்” என்று அழகுமீனா ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தாள். சிரித்த கையோடு இரண்டு பெருக்கல் குறி போட்டாள். கேள்விக்கு இரண்டு மார்க், ஆக நான்கு போயிற்று. கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்று.

பள்ளி வாசலில் போன வருடத்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி பேனர் வெயிலில் வெளுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் நல்லசிவம் அதற்குக் கீழேதான் தினமும் வண்டியை நிறுத்துவார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததுமே அவர் அழகுமீனாவைக் கூப்பிட்டார்.

“பொதுத்தேர்வுக்குப் பேர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்தணும் டீச்சர். முப்பத்தஞ்சுக்குக் கீழ யார் இருந்தாலும் அப்பனாத்தாளை வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கிருங்க. அடுத்த வருசம் தனியா எழுதட்டும்.”

அடுத்த வருடம் தனியாக எழுதுவதென்றால் என்னவென்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போன பிள்ளை ஒன்றுகூடத் திரும்பி வந்து எழுதியதில்லை. பெண் பிள்ளையானால் வீட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டும், பதினெட்டு முடிந்ததும் வேனில் ஏறும். ஆங்கிலத்தில் விழுந்தது பாண்டிச்செல்வி ஒருத்திதான். மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் பாண்டிச்செல்வியின் அம்மா மாரித்தாய் வந்தாள். அரை நாள் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள். கையைத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் பவுடர் ஒட்டியிருந்தது. மகள் அவள் முதுகுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றாள்.

“எங்கன கையெழுத்துப் போடணும் டீச்சரம்மா?”

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்த அழகுமீனாவுக்கு இது ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்டியாக வேண்டும்போல இருந்தது. விடைத்தாளை எடுத்து விரித்தாள்.

“கொஞ்சம் இருங்கம்மா. நான் வேணும்னே ஃபெயிலாக்கலை. உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு நீங்களே கேளுங்க” என்று பத்தியைத் தமிழில் சொன்னாள். பழைய வீடு, ரூம், இருட்டு, வாசலில் நின்ற ரவி. “இப்போ சொல்லுங்க. அவன் ஏன் உள்ள போகலை?”

மாரித்தாய் கொஞ்சம் யோசித்தாள். “கதவு ஒண்ணுதானா டீச்சரம்மா?”

“ஒண்ணுதான்.”

“உள்ள எம்புட்டுப் பேரு?”

“நாலு பேர்.”

“அப்பம் அந்தப் பய வாசல்ல நின்னதுதான சரி? காத்துக்குக் கதவு மூடிக்கிட்டா, உள்ள இருக்க நாலு உசுரு என்னத்துக்கு ஆகும்?”

“அதில்லம்மா. இருட்டுக்குப் பயந்துதான்...”

“இருட்டு என்ன செய்யும்?” என்றாள் மாரித்தாய். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். “நாங்க வேலை பாக்குற ரூமுக்கு நாலு வாசல் டீச்சரம்மா. சட்டம் அப்படி. ஆனா சீசன் வந்துட்டா ஆர்டர் அம்புட்டு இருக்கும். மூணு வாசல்லயும் சரக்கை அடுக்கிருவாக. ரெண்டு வருசத்துக்கு முந்தி அப்படித்தான் ஒரு வாசல் மட்டும் திறந்து கெடந்துச்சு. வெடிமருந்து பொகையுதுன்னதும் வாசப்பக்கம் இருந்த முத்துமாரியம்மா அக்கா ஓடியிருக்கலாம். ஓடல. காத்துக்குக் கதவு அடிச்சிரக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு நின்னாக. உள்ள இருந்த நாங்க மூணு பேரும் வெளிய வந்துட்டோம்.”

“அந்த அக்கா?”

“அவுக வரல. நான் இங்கன வந்து நிக்கேன்லா” என்றாள் மாரித்தாய்.

அழகுமீனா பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையாவது வாசித்ததைப் புரிந்து எழுதாதா என்று நான்கு வருடமாக வீட்டிலும் பஸ்ஸிலும் புலம்பியவள், எழுதிய ஒருத்திக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். போதாக்குறைக்கு நாலு பேருக்கு வாசித்துக் காட்டிச் சிரித்துமிருந்தாள். அவமானமாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

நல்லசிவம் பொறுமையாகத்தான் கேட்டார். தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“நீங்க சொல்றது நியாயம்தான். மார்க் உங்க கையில, போட்டுக்கோங்க. ஆனா பொதுத்தேர்வுப் பேப்பரைத் திருத்துறவுக எந்த ஊர்க்காரவுகளோ. அவுக விடைக்குறிப்பைத்தான் பாப்பாக. பட்டாசு ரூமுக்கு எத்தனை வாசல்னு அவுகளுக்கு என்ன தெரியும்? இப்ப நாலு மார்க் போட்டு ஏத்தி விட்டுருவீக, அங்க யாரு போடுவா?”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அழகுமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எதிரிலேயே பெருக்கல் குறிகளை அடித்துவிட்டு இரண்டும் இரண்டும் போட்டு, முப்பத்தைந்தாக்கிச் சுருக்கொப்பம் வைத்தாள். “தேர்ச்சி பெறலைன்னா என்னைக் கேளுங்க சார்” என்றாள்.

கையெழுத்து வேண்டாம், பெயர் பட்டியலில் போகும் என்று சொன்னபோது மாரித்தாய் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். வராந்தாவில் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் சொன்னது அழகுமீனாவின் காதில் விழுந்தது.

“டீச்சரு ஒனக்காக மல்லுக்கட்டியிருக்காக. இனிமேயாச்சும் அவுகளுக்கு எது சரியோ அதை எழுது, என்னா?”

திங்கட்கிழமை அழகுமீனா அதே பத்தியை மறுபடியும் கரும்பலகையில் எழுதினாள். ஞாயிறு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வித்தையைத் தூர வைத்துவிட்டு, வாசிப்பதென்றால் என்னவென்று இன்றைக்காவது காட்டிவிட வேண்டும். ரவி ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டாள். ‘இட் வாஸ் டார்க்’ என்று வகுப்பே கத்தியது. செழியன் ஆறு வரியையும் ஒப்பிக்க எழுந்தான். அவனை உட்காரவைத்தாள்.

“பாண்டிச்செல்வி, நீ சொல்லும்மா. நீ நினைச்சதைச் சொல்லு.”

பாண்டிச்செல்வி எழுந்தாள். ஒரு திக்கல் திணறல் இல்லை.

“ரவி வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் த டார்க், டீச்சர்.”

அழகுமீனா அடுத்த கேள்விக்குப் போனாள். “அவன் எப்படிப்பட்ட பையன்?”

“ஹி இஸ் எ டிமிட் பாய்.”

விடைக்குறிப்பில் பயந்தாங்கொள்ளிக்கு இருந்த அதே ஆங்கிலச் சொல். இலக்கணம்கூடப் பிசகவில்லை. மூன்று நாளும் உட்கார்ந்து உருப்போட்டிருக்க வேண்டும். “கரெக்டா டீச்சர்?” என்று அவள் கேட்டாள். முகத்தில் அவ்வளவு ஆவல். இல்லை என்று சொல்ல அழகுமீனாவுக்கு நாக்கு துடித்தது. ஏப்ரலில் அந்தப் பிள்ளை எழுதப்போகும் தாளும் அதைத் திருத்தப்போகும் முகம் தெரியாத கையும் நினைவுக்கு வந்தன.

“கரெக்ட்” என்றாள். “உக்காரு.”

பாண்டிச்செல்வி உட்கார்ந்தாள், வாசல் ஓரத்து அதே பெஞ்சில். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ள வந்தது. அவள் கரும்பலகையைப் பார்த்தபடியே காலை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.