வாத்தியாரின் தண்ணீர்க் குப்பி

ரொம்ப மரியாதை தெரிந்த ஆளோடு சைக்கிளில் தூரம் போகக் கூடாது. இதை நான் கோபத்தில்தான் சொல்கிறேன். சூசைமாணிக்கத்தை நினைத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

எங்களுக்குத் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை. வருஷம் முழுக்க, ஞாயிறு என்றும் வெள்ளி என்றும் பார்க்காமல் அடுப்பு எரியும். ரம்ஜான் மாதத்தில் மட்டும் பகலில் கடை மூடியிருக்கும். ஆகவே நான் ஊரைவிட்டு வெளியே சைக்கிள் மிதிக்கக் கிடைப்பது, வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாத அந்த ஒரு மாதம்தான். சூசை என் சின்ன வயசுக் கூட்டாளி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சனியும் ஞாயிறும் அவனுக்கு லீவு. ஒவ்வொரு ரம்ஜானிலும் வடமதுரைப் பக்கமோ வத்தலக்குண்டு ரோட்டிலோ ரெண்டு பேரும் கிளம்பிவிடுவோம்.

பழைய சாமான் கடையில் வாங்கிய பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பி ஒன்று அவன் ஹேண்டில்பாரில் தொங்கும். நோன்பு பிடித்தவன் எதிரில் அவன் குடிக்க மாட்டான். "குடிடா, எனக்கு ஒண்ணும் நாக்கு தொங்கல" என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கேட்கவே மாட்டான். கொஞ்சம் பின்தங்குவான், என் முதுகுக்குப் பின்னால் குடிப்பான், அப்புறம் வந்து சேர்ந்துகொள்வான். அவன் பின்தங்கினால் நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன். நான் திரும்பாமலிருப்பதைப் பற்றி மட்டும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ரம்ஜானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. அவனுக்கும் ஒருவேளைச் சாப்பாடுதான், ஆனால் தண்ணீருக்குத் தடையில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, சேவுகம்பட்டியில் இருக்கும் அவன் அக்கா வியாகுலம்மாள் வீட்டில் ராத்திரி தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம். சாயங்காலக் கடையை அத்தா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். விடியக் கிளம்பியிருக்க வேண்டும். சூசைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வந்து தொலைந்தது. செம்பட்டியைத் தாண்டும்போது உச்சி வெயில்.

ரோட்டில் ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை. அந்த இடத்தில் புளியமரங்களையும் வெட்டியிருந்தார்கள். சூசை பின்தங்கினான். சரி, குடிக்கட்டும் என்று நான் முன்னால் போனேன். அவன் சைக்கிளில் செயின் கவர் லொடலொடவென்று அடிக்கும். செத்த நேரம் கழித்துக் கவனித்தேன், அந்தச் சத்தம் பின்னால் வரவில்லை. பல வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன்.

தூரத்தில் அவன் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓட்டிக்கொண்டு வந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அவ்வளவு வெயிலில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"ஏலே, இறங்குடா!"

"பெல் அடிச்சாச்சா?" என்றான். "பிள்ளைகள உக்காரச் சொல்லு." அப்படியே சைக்கிளோடு சரிந்தான்.

தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. குப்பியைக் கழற்றினேன். கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன், கழுத்துவரை தண்ணீர். காலையில் ஊற்றியதில் ஒரு மிடறு குறையவில்லை.

"ஏண்டா குடிக்கல? எதுக்குடா இதைச் சுமந்துட்டு வந்த?" என்று கத்தினேன்.

"ஒளிஞ்சு குடிக்கிறது அசிங்கமா இருக்கு முனீர்," என்று முனகினான். "இந்தத் தவக்காலத்துல விட்டுட்டேன்."

அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, குப்பியை வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டான். தண்ணீர் கன்னத்தில் வழிந்து மண்ணில் போயிற்று. மறுபடி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். புத்தி தடுமாறிய நிலையிலும் அந்தப் பாழாய்ப்போன மரியாதை மட்டும் அவனை விடவில்லை.

"நீ குடி மொதல்ல," என்றான்.

பக்கத்து வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை குடத்தோடு ஓடிவந்தாள். மூக்காயி என்று பிற்பாடு பேர் தெரிந்தது. வந்த வேகத்தில் அவன் தலையிலும் நெஞ்சிலும் தண்ணீரைக் கொட்டினாள். தன் முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டாள்.

"உள்ள தண்ணி போகணும் அப்பு. போன வருசம் எங்க கொழுந்தன் இப்படித்தான் விழுந்தான். எந்திரிக்கவே இல்ல."

"குடிக்க மாட்டேங்கிறான்மா. நான் குடிச்சாத்தான் குடிப்பானாம்."

"அப்ப குடிச்சுத் தொலையேன்! வேடிக்கையா பாக்குற?"

"நான் நோன்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பன்னிரண்டு வயதிலிருந்து நான் ஒரு நோன்பு விட்டதில்லை. பயணத்தில் இருப்பவன் விட்டுவிட்டுப் பிற்பாடு பிடித்து ஈடுகட்டலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அந்தச் சலுகையெல்லாம் சொங்கிப் பயல்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சூசையின் கண் மேலே செருகியது. இவன் செத்துப்போவான், என் மடியிலேயே செத்துப்போவான் என்று தோன்றியது.

குப்பியைத் தூக்கினேன். அவன் காதுக்குப் பக்கத்தில், கேட்கட்டும் என்று, மடக்கு மடக்கென்று குடித்தேன். "குடிச்சுட்டேண்டா. பாரு, குடிச்சுட்டேன். இப்ப நீ குடி."

வாய் திறந்தது. முதல் மிடறை வாந்தி எடுத்தான். ரெண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவது உள்ளே இறங்கியது. மூக்காயி விடாமல் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குடம் காலியாகிற சமயத்தில் அவன் கழுத்தில் வேர்வை துளிர்த்தது. "பொழச்சுக்கிட்டான்," என்றாள். நான் ரோட்டில் உட்கார்ந்து பொம்பளைப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பொம்மையன் என்பவரின் மாட்டு வண்டி அந்தப் பக்கம் வந்தது. சூசையையும் அவன் சைக்கிளையும் அதில் ஏற்றினோம். வண்டியை ஒரு கையால் பிடித்தபடி நான் கூடவே மிதித்தேன். வழிநெடுக அவனுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வியாகுலம்மாள் அக்கா தம்பியைப் பார்த்துப் பதறிப்போனார். கட்டிலில் போட்டு, மோரும் உப்பும் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் ஒரு வழியாகத் தேற்றிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, திண்டுக்கல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஒங்களுக்கு நோன்புக் கஞ்சி காச்சிருக்கேன். பொழுது அடைஞ்சதும் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்த சூசை மெதுவாகக் கேட்டான். "முனீர், என்னால ஒன் நோன்புக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஆகிவிட்டது என்று சொன்னால் அந்த ஆள் சைக்கிளையே விற்றுவிடுவான். "ஒண்ணும் ஆகல. தூங்குடா," என்றேன். பொழுது அடையும்வரை காத்திருந்து கஞ்சியைக் குடித்தேன். அக்கா பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பெருநாள் முடிந்து, ஊருக்குப் போன கடை ஆட்கள் திரும்பும்வரை கடை திறக்கவில்லை. அந்த இடைவெளியில் வந்த சனிக்கிழமை, சேவுகம்பட்டி போன அன்று விட்ட நோன்பைப் பிடித்தேன். சூசை சைக்கிளோடு வந்து நின்றான். வர முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். கிளம்பினேன். டீக்கடையில், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் அவன் நிறுத்தினான். எனக்கு நேர் எதிரே நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, குப்பியைத் திறந்து குடித்தான்.

"அன்னைக்கு விட்டதைத்தானே இன்னைக்குப் பிடிச்சிருக்க?"

"யாருலே சொன்னா?"

"எவன் சொல்லணும்? காதுக்குள்ளயே வச்சுல்ல குடிச்ச."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப அன்னைக்கு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி ஏண்டா கேட்ட?"

"தெரியும்னு காட்டிக்கிட்டா, அந்தக் கஞ்சியைக் குடிச்சிருப்பியா?"

அவன் மறுபடியும் குப்பியை உயர்த்தினான். என் நாக்கு வறண்டு கிடந்தது, ஆனால் அவன் குடிப்பதைப் பார்க்க அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தது.

"குடிடா," என்றேன். "பூராத்தையும் குடி."

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, குப்பியை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினான்.