தேதி மறக்கும் லேப்டாப்

அவளை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகாதவளுக்கு இப்படி ஒரு பட்டம். இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளியில் வேலை வரும்போல் இருந்தது. அன்று மதியம் லேப்டாப்பில் தேர்வு எழுத வேண்டும், செல்போன் ஆகாதாம். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் காலத்துக்கும் இந்த வீடுதான்.

லேப்டாப்போ ஒரு தினுசு. பெரிய பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் போச்சு, தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும், உள்ளே செய்துவைத்த செட்டிங் எல்லாம் மறந்துவிடும். ஆன் செய்ததும் வரும் நீலத் திரைக்குள் போய் ஒரு வரியை மாற்றினால்தான் திறக்கும். எந்த வரி என்பது வீட்டுக்காரருக்குத்தான் வெளிச்சம். பின்னால் நின்று பார்க்கலாம் என்றால், சரியாக அந்த வரி வரும்போது மனுஷனுக்குத் தாகம் எடுத்துவிடும். அவள் தண்ணீரோடு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். உள்ளே போர்டே போச்சு, நீ கை வைத்தால் மொத்தமும் காலி என்பார். ஊரெல்லாம் மெச்சுகிற நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது?

அன்று காலையும் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் தம்பியை வீடியோவில் கூப்பிட்டாள். உள்ளே காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் இப்படித்தான் மறக்கும் என்றான். ஸ்க்ரூவெல்லாம் கழற்றி அடி மூடியைத் தூக்கினாள். போனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னான்.

"அக்கா, பேட்டரி மேல தப்பில்ல. அதோட ஒயரைப் பிடுங்கி, முனையில டேப் சுத்தி வச்சிருக்கு. தானா கழண்டதில்லக்கா."

இத்தனை நாளும் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லியல்லவா தொலைத்திருக்கிறாள்! டேப்பைப் பிரித்து ஒயரைச் செருகினாள். தம்பி சொன்ன வரியை மாற்றி, ஒருமுறை சார்ஜரைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பார்த்தாள். லேப்டாப் எதையும் மறக்கவில்லை.

தேர்வுக்கு உட்காரும்போது வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். நகரு, சரிபண்ணித் தருகிறேன் என்று வந்தவருக்கு, திரையில் சரியான தேதியைப் பார்த்ததும் முகம் செத்துப் போனது.

"நீ போயிட்டா நான் தனியா என்ன பண்றது?"

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஒயரை எதுக்குங்க பிடுங்குனீங்க?"

அவர் சுவரோரமாகப் போய் நின்றார், கை சார்ஜர் சுவிட்சின் மேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், லேப்டாப் அணைந்துவிடும், பாதியில் வெளியே வந்தவர்களைத் தேர்வுக்குள் மறுபடி விடமாட்டார்கள்.

"அணைக்கறதா இருந்தா இப்பவே அணைச்சிடுங்க. பாதியில வேணாம்."

அவர் அணைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. முதல் கேள்வி வந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள், கண் மட்டும் அந்தக் கைக்கே போய்க்கொண்டிருந்தது.