நாற்பது சென்ட் கோல்கீப்பர்

காலைப் பயிற்சியில் எந்தக் கோல்கீப்பர் முதலில் பனித்தளத்தைவிட்டு இறங்குகிறானோ, அவன்தான் அன்றைய ஆட்டத்தில் நிற்பான். ஐஸ் ஹாக்கிக்காரர்களின் பழக்கம் அது. பயிற்சியாளர் வாயே திறக்கமாட்டார். காலி அரங்கில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்துவிடும், உடனே போனில் ஆட்ட முடிவின்மேல் பங்கு வாங்கி விற்கும் பந்தயச் செயலியைத் திறப்பேன். எங்கள் எல்ம்ரிட்ஜ் அணி ஜெயிக்கும் என்ற பங்கு ஒன்று ஐம்பது சென்ட் சுமாருக்குப் போகும். ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். இறங்கியவன் கீரன் வோலக் என்றால் இருப்பதையெல்லாம் விற்றுவிடுவேன். முப்பத்தொரு வயதிலும் இந்தச் சின்ன லீக்கைத் தாண்டாதவன். அவனை நம்ப எனக்கென்ன பைத்தியமா?

எங்கள் ஆட்டத்தில் காசு போடுகிறவர்கள் நாடு முழுக்க நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான் நூறு பங்கு விற்றாலே விலை சரியும். ஆனால் கீரன் ஆடும் நாளெல்லாம் யாரோ ஓர் ஏமாளி உடனே வாங்கி விலையைத் தூக்கிவிடுவான்.

அந்த ஏமாளி கீரனின் அப்பா ஸ்டான். ஒரு ஞாயிறு காலை, எனக்கு முன்வரிசையில் அவர் போனில் அதே செயலியைத் திறந்து எங்கள் பங்கை வாங்கக் காத்திருந்ததை எட்டிப் பார்த்துவிட்டேன்.

"யோவ் ஸ்டான்! ஆட்டக்காரன் வீட்டுல யாரும் வாங்கக் கூடாதுய்யா. தெரிஞ்சா உன் பையனத்தான் தூக்குவாங்க."

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவன் மதியானம் விலையப் பாப்பான் மார்லீன். இடைவேளையிலயும் பாப்பான். வீட்டு ஆளுங்க வாங்க முடியாதுல்ல, அப்ப முன்னப்பின்ன தெரியாதவங்க யாரோ தன்னை நம்புறாங்கன்னு நெனைக்கிறான். அதுலதான் ஆடிட்டிருக்கான். இன்னிக்கும் சரியா வரலன்னா எல்லாத்தையும் விட்டுட்டு எங்கூட லாரி ஓட்ட வர்றேன்னுட்டான். எவனோ வேற வித்துத் தள்றான், நாசமாப் போறவன்!"

நாசமாய்ப் போகிறவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

"இனிமே நீ அதத் தொடாத. போன உள்ள வை" என்றேன்.

கீரன்தான் முதலில் இறங்கினான். செய்தி பரவியதும், ஸ்டானும் வாங்காததால், இந்த முறை நான் விற்காமலேயே விலை முப்பத்தொன்றுக்கு விழுந்தது. ஸ்டான் காப்பி வாங்கப் போன நேரத்தில் முந்நூறு பங்கு வாங்கினேன். நாற்பதில் வந்து நின்றது.

மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டாவது இடைவேளையில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று முன்னால். விலை எழுபத்தெட்டு! விற்றால் போட்டது இரட்டிப்பாகும், விரல் துடித்தது. ஆனால் முந்நூறையும் கொட்டினால் விலை பாதாளத்துக்குப் போகும், உள்ளே கீரன் பார்த்துக்கொண்டிருப்பான். போனைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி நிமிடத்தில் எதிரணி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் தோற்றோம். கீரன் நாற்பத்து மூன்று அடிகளைத் தடுத்திருந்தான், கடைசி அடி உள்ளே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, சத்தியமாகக் காசுக்காக இல்லை.

ஈரத்தலையோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"லாரி சாவி வேணுமாடா?" என்றார் ஸ்டான், மெதுவாக.

"வேணாம்ப்பா. செவ்வாக்கிழமை பயிற்சிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். ரெண்டாவது இடைவேளையில எழுபத்தெட்டுப்பா! அவ்வளவு லாபம் இருந்தும் ஒருத்தர்கூட விக்கல. யாருன்னே தெரியாதவங்க!"

ஸ்டான் திரும்பி என்னையே பார்த்தார். நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நானும் தெரிந்தவளாகிவிடுவேனே என்று வாயை மூடிக்கொண்டேன்.